கணினி அனுப்பிய மூன்று கடிதங்கள்

“உங்க அக்காவுக்கு மூணு லெட்டர் போயிருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டுது.”

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. அன்று அது இல்லாமல் இருந்திருக்கலாம்.

புலாவ் செபாங்கிலிருந்து மலாக்காவுக்குப் போகும் ஏழு மணி பஸ். முன் இருக்கையில் வெள்ளைச் சீருடையில் ஒரு கிளினிக் தாதி. பக்கத்தில், மடியில் தூக்குச்சட்டியுடன் தோட்டத்துப் பெண் ஒருத்தி. அவள் அக்காவுக்கு இனிப்புநீர் நோய் முற்றி, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு காலை எடுத்துவிட்டார்களாம்.

“மூணு தடவையும் அவங்க செக்கப்புக்கு வரல. நானும் கவனிக்காம விட்டுட்டேன்” என்றாள் தாதி.

“உங்க மேல என்ன தப்பு, மிஸ்ஸி?”

“நேத்து மேலிடத்துலருந்து ரெண்டு பேரு வந்து கம்ப்யூட்டர் எப்படி ஓடுதுன்னு பாத்தாங்க. எத்தனை லெட்டர் போச்சுன்னு கேட்டாங்க. எல்லாம் போயிருச்சுன்னேன். ‘பாகுஸ், நல்லா ஓடுது’ன்னு எழுதிக்கிட்டாங்க. லெட்டர பாத்துட்டு எத்தனை பேரு செக்கப்புக்கு வந்தாங்கன்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல லா.”

தாதி அவள் பக்கம் திரும்பினாள்.

“லெட்டர் கைக்குக் கெடச்சிச்சா, இல்ல தோட்டத்து ஆபீஸ்லயே கெடக்கா?”

“கெடச்சிச்சு மிஸ்ஸி. மூணையும் நான்தான் படிச்சுக் காட்டுனேன்.” அந்தப் பெண் தூக்குச்சட்டியின் மூடியை அழுத்திக்கொண்டே இருந்தாள். “முன்னல்லாம் அவசரம்னா நீங்க தோட்டத்து லாரி டிரைவர்கிட்ட சொல்லி அனுப்புவீங்கல்ல? லாரி அண்ணன் ஒண்ணும் சொல்லலியே, அப்ப பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு அக்கா வேலைக்குப் போயிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்.”