கூடையைத் திறந்தோம், கோழி போகலை

அண்ட சராசரத்தையும் படைச்சு, அந்த வேலை மும்முரத்துலயும் மறக்காம கோழிக்குன்னு ஒரு உயிரை எடுத்து வெச்சானே, அந்தப் பரம்பொருளோட திருவடியை முதல்ல நெனச்சுக்கறேன். ம். இப்பப் பேசலாம். இல்ல தம்பி, கவரை என் கையில திணிக்காதீங்க. உங்க மடியிலயே இருக்கட்டும். உக்காருங்க, எழுந்திருக்கக் கூடாது. நாற்காலியில இருக்கறது தீவனத் தூள்தான், தட்டினா போயிடும்.

பின்பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து இன்னும் மூட்டையே பிரிச்சிருக்க மாட்டீங்க, அதுக்குள்ள எங்க கோழிகளுக்கு உதவணும்னு வந்திருக்கீங்க. மகராசனா இருங்க. ஆனா உள்ள நுழையும்போதே ஒரு கேள்வியும் கேட்டீங்க பாருங்க, இதே பணத்தை வேற இடத்துல குடுத்தா இன்னும் நிறைய நல்லது நடக்குமே ஐயான்னு. தணிக்கை ஆபீஸ்காரர்ங்கறது அதுலயே தெரிஞ்சுபோச்சு. அதுக்குப் பதில் சொல்லாம உங்களை அனுப்பினா என் மனசு ஆறாது. அவசரமா? ஞாயித்துக்கிழமை என்ன தம்பி அவசரம். அவசரப்பட வேண்டியவன் நான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கோழிங்க இந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னு கீழ்வீட்டு ஓனர் சொல்லிட்டார். இருந்தா கறிக்கடைக்காரரைக் கூட்டிட்டு வந்துடுவாராம். சும்மா மிரட்டறார்னு விட்டுடவும் முடியாது. கறிக்கடைக்காரர் அவரோட சகலை.

எப்படி வந்துச்சுன்னா கேக்கறீங்க? சொல்றேன். எங்களுக்கு ஒரு வாசிப்புக் குழு இருக்கு. பக்திப் பாட்டு படிப்போம், அர்த்தம் சொல்லுவோம், கொஞ்சம் அழுவோம், காப்பி குடிச்சுட்டுக் கலைவோம். வருஷா வருஷம் ஒரு தருமமும் உண்டு. போன தடவை ஆஸ்பத்திரிக்கு மின்விசிறி வாங்கிக் குடுத்தோம். இறக்கையில குழுவோட பேரைப் பெருசா எழுதி வெச்சதுல, சுத்தும்போது யாராலயும் படிக்க முடியலைன்னு எங்க தலைவருக்கு இன்னமும் குறை. காத்து வருதேன்னு சொன்னா, காத்துல பேர் தெரியலையேங்கறார்.

அதனால இந்த தடவை, சிறைப்பட்ட உயிரை விடுவிக்கறதுன்னு முடிவாச்சு. நாங்க படிக்கறதெல்லாம் அதேதானே தம்பி. உயிருங்கறது பறவை, உடம்புங்கறது கூண்டு, கதவு திறந்தா பரவெளிக்குப் பறந்துடும். இதையே படிச்சுப் படிச்சு, கூண்டுன்னு கேட்டாலே எங்களுக்குக் கை துறுதுறுங்கும். ஊருக்கு வெளிய ஒரு முட்டைப் பண்ணை. அங்க முட்டை குறைஞ்ச கோழியையெல்லாம் கறிக்கு ஏத்தறாங்கன்னு தெரிஞ்சு, குழுவே கிளம்பிப் போனோம்.

போய்ப் பாத்தா... சிரிக்காம சொல்றேன் இதை மட்டும். அடுக்கடுக்கா கம்பிக் கூண்டு. ஒரு புத்தகத்தை விரிச்சா எவ்வளவு இடமோ, அவ்வளவுதான் ஒரு கோழிக்கு. நிக்கறதும் கம்பி மேலதான். கழுத்துல இறகு இல்ல, கொண்டை வெளிறிப்போய்க் கிடக்கு. இறக்கைன்னு ரெண்டு இருக்கே, அதை ஒரு தடவையாவது விரிச்சுப் பாத்திருக்குமான்னா, இல்ல. எங்க தலைவரே வாயைத் திறக்கலை. நான் பாத்த அற்புதங்கள்ல அது ஒண்ணு.

அப்புறம் வாசல்ல சண்டை. காசு குடுத்து வாங்கலாம்னேன் நான். தலைவர் வேணாம்னார். நாம குடுக்கற காசுல அந்தாள் புதுக் குஞ்சு வாங்கி அதே கூண்டுல அடைப்பான், அப்ப நம்ம தருமம் அடுத்த கோழிக்குச் சிறை கட்டும்னார். பாருங்க, நியாயமான பேச்சு. உங்க கட்சிக்காரர். சரி, சும்மா கேப்போம்னு கேட்டா, பண்ணைக்காரர் எடுத்துக்கோங்கன்னுட்டார். இப்ப அடுத்த சிக்கல். அவர் குடுக்கறார், நாம வாங்கறோம்னா புண்ணியம் அவருக்குத்தானே போகும், நமக்கென்ன மிச்சம்னு தலைவர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார். பண்ணைக்காரர் தலையிலயே அடிச்சுக்கிட்டு, ஐயா சாமி, புண்ணியத்தை நீங்களே வெச்சுக்கோங்க, என் பிளாஸ்டிக் கூடையை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்கன்னார். அன்னிக்கு அங்க இருந்தவங்கள்ல பற்றற்ற நிலையில நின்னவர் அவர் ஒருத்தர்தான்.

ஏரிக்கரையில புல்வெளி. கூடைங்களை வரிசையா வெச்சு, மூடியைத் திறந்து, கண்ணை மூடிப் பாட ஆரம்பிச்சோம். உருகி உருகிப் பாடினோம். முடிச்சுக் கண்ணைத் திறந்து எல்லாரும் வானத்தைப் பாக்கறோம். வானத்துல ஒண்ணுமில்ல. கீழ பாத்தா எல்லாக் கோழியும் கூடையிலேயே உக்காந்து எங்களைப் பாக்குது.

ஆமா தம்பி, பறந்துடும்னுதான் நெனச்சோம். சிரிங்க, சிரிங்க. இத்தனை வயசானவங்க இத்தனை பேர் இருந்தோம், கோழி பறக்காதுன்னு ஒருத்தருக்கும் தோணலை. பாட்டுல பறக்குதே! ராகம் ஒத்துவரலை போலன்னு தலைவர் வேற பாட்டு எடுத்தார். ஒரு கோழி எழுந்து, மெல்ல ஒரு காலை வெளிய வெச்சுது. எங்களுக்கெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அதுக்கும் புல்லு உறுத்தியிருக்கு, தணல்ல மிதிச்ச மாதிரி துள்ளிக் கூடைக்குள்ள விழுந்துடுச்சு. அந்த நேரம் பாத்து ஒரு நாய் வந்து, நல்ல பிள்ளையா எதிர்ல உக்காந்துக்கிச்சு. பாட்டு நின்னுபோச்சு.

அதுக்கப்புறம் எங்க குழு கரைஞ்ச வேகம் இருக்கே! தையல்கார அம்மாவுக்கு மிஷின்ல துணியை அப்படியே விட்டுட்டு வந்தது ஞாபகம் வந்துச்சு. மருந்துக்கடைக்காரர் இறகு பட்டா தும்மல்னு மூக்கைப் பொத்திக்கிட்டார், கோழிக்கு இறகே இல்ல! தலைவர் மட்டும் நின்னார், போட்டோ எடுத்து முடியறவரைக்கும். கடைசியில நானும் நாயும்தான். ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் கூட்டிட்டுப் போகணும்ங்கற நிலைமை.

குளியலறையில வெச்சோம். நாங்க? அடுத்த தெருவுல இருக்கற என் மச்சினன் வீட்டுல போய்க் குளிச்சோம். இறகில்லாம கோழிங்களுக்குக் குளிருதுன்னு எங்க வீட்டம்மா என் முழுக்கைச் சட்டையையெல்லாம் வெட்டி உடுப்பு தைச்சுட்டா. கோடு போட்ட சட்டை போட்ட கோழி ஒண்ணு உண்டு, நடையும் பார்வையும் அப்படியே என்னை மாதிரியே இருக்காம். இன்னொண்ணு எதைப் போட்டாலும் கழுத்தைச் சாய்ச்சு, இவ்வளவுதானான்னு பாக்கும். அதுக்கு சம்பந்தியம்மான்னு பேர்.

அந்த சம்பந்தியம்மாதான் ஒரு நாள் மொட்டைமாடிக்குப் போயிடுச்சு. ஓனரோட பூந்தொட்டியில ஏறி, காலால கீறி, கீறினதும் உள்ள மண்ணு தட்டுப்பட்டிருக்கு. பொறந்ததுலேர்ந்து கம்பியைத் தவிர வேற தெரியாத ஜன்மம் தம்பி. யாரு சொல்லிக் குடுத்தாங்களோ, அப்படியே சாய்ஞ்சு படுத்து, ரெண்டு இறக்கையையும் அகல விரிச்சு, மண்ணை அள்ளி அள்ளி முதுகுல போட்டுக்கிச்சு. கண்ணைச் சொருகிக்கிட்டு. இத்தனை வருஷமா ஆனந்தம், பேரானந்தம்னு பக்கம் பக்கமா அர்த்தம் சொன்னவன் நான். அதைப் பாத்தது அன்னிக்குத்தான். பக்கத்துல நின்னுக்கிட்டு, ஐயோ என் ரோஜான்னு ஓனர் அழறார்.

சரி, உங்க கேள்விக்கு வரேன். உலகத்துலயே அவசியமான தருமம் எதுன்னா, கோழின்னு நான் சத்தியமா சொல்ல மாட்டேன். பசியில ஒரு குழந்தை இருக்கும்போது கோழிக்குச் சட்டை தைக்கறது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். கவரை எங்க குடுத்தா நிறைய நல்லது நடக்கும்ங்கற கணக்குல உங்ககிட்ட நான் மோத முடியாது, நீங்கதான் ஜெயிப்பீங்க. அதனால கவரை அந்த இடத்துக்கே அனுப்பிடுங்க. மனசாரச் சொல்றேன். ஆனா என் குளியலறைக் கதவைத் திறந்தா எதிர்ல நிக்கறது கணக்கு இல்ல, கோழி. அதுக்குக் காசைக் காட்டி என்ன பண்ண? அதுக்குத் தேவை கொஞ்சம் மண்ணு. நாங்க எல்லாரும் காசு குடுத்தோம், பாட்டு குடுத்தோம், ஒரு நாள் லீவும் குடுத்தோம். இடம் குடுன்னதும் ஓடிட்டோம். மிச்சமா இருக்கறதைக் குடுக்கறதுக்கும் இருக்கற இடத்துல தள்ளி உக்காந்து குடுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கில்ல?

இருக்குன்னு தலையாட்டினீங்க. நான் பாத்துட்டேன்.

என்ன சத்தமா? ஏணி தம்பி. உக்காருங்க. கோழிங்களைப் பாக்கணுமா? தாராளமாப் பாக்கலாம், இங்க இல்ல. குளியலறையைத் திறந்துவிட்டு அரை மணி ஆச்சு. உங்க வீட்டுக் கொல்லையில இருக்கு. எங்க வீட்டம்மா மதில்மேல உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்கறா, மச்சினன் கீழ வாங்கி விடறான்.

அத்துமீறலா? அதே வார்த்தையைத்தான் நானும் சொன்னேன். குடுக்கறவர் வாயால சரின்னு வராம எடுத்தா அது தருமமில்ல, திருட்டுன்னு அடிச்சுச் சொன்னேன். அதுக்கு, காலையிலயே மதில் ஓரமா ஏணி கொண்டாந்து வெச்சவங்க சொன்னாங்க, நீங்க அவரை உக்கார வெச்சுப் பேசிட்டு இருங்க மாமா, அவர் யாருக்கு வேணா கவர் குடுப்பார், ஆனா வீட்டுக்குள்ள ஒரு பூனையைக்கூட விட மாட்டார், பேசப் பேச இளகிடுவாருன்னு. அதையும் மீறி வேணாம்னா இருட்டறதுக்குள்ள திருப்பி எடுத்துக்கோங்கன்னும் சொன்னாங்க.

யாரா? உங்க வீட்டம்மாதான். கவரைக் கையில குடுத்து உங்களை இங்க அனுப்பி வெச்சாங்களே, அவங்கதான்.

ஒரு வார்த்தை போதும் தம்பி. கீழ ஓனரோட சகலை, அந்தக் கறிக்கடைக்காரர், சைக்கிளை நிறுத்தற சத்தம் கேக்குது.

ஆங்! சொல்லிட்டீங்க! இதோ, மதில்மேல இருக்கறவளுக்குத் தெரியற மாதிரி ஜன்னல்ல துண்டை ஆட்டிடறேன். உங்க குடி தழைக்கட்டும், உங்க கொல்லை மண்ணு குளிர்ந்தே இருக்கட்டும், கேட்டுக்கிட்டிருந்த உங்க காதுக்கும் கடைசியா சரின்னு சொன்ன உங்க வாய்க்கும் அந்தப் பரம்பொருள் ஒரு குறையும் வைக்காம இருக்கட்டும். நல்லாயிருங்க. வீட்டுக்குப் போனதும் உங்க பின்வாசல் கதவை மட்டும் மெல்லத் திறங்க, சம்பந்தியம்மா அங்கதான் படுத்திருப்பாங்க.