தப்புக் கொக்கி

வெயில் காலத்தில் திறந்த நீச்சல்குளத்திலிருந்து தினமும் கால் அங்குலம் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். பலர் இதை நம்புவதில்லை. குளத்தில் ஓட்டை என்று ஆளைக் கூப்பிட்டுத் தரையை உடைத்துப் பார்த்துவிட்டு, பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் படியில் வைத்தால் போதும். மறுநாள் பக்கெட்டிலும் குளத்திலும் ஒரே அளவு குறைந்திருந்தால் எடுத்தது வெயில்தான், ஓட்டை இல்லை. உங்கள் வீட்டில் குளம் கிடையாது என்று சொன்னீர்கள் சார். இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எழுதுகிற அம்மா, நான் கொஞ்சம் வேகமாகப் பேசுகிறவன், தவறிப்போனால் நிறுத்திக் கேளுங்கள். நகரக் குடிநீர் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் தண்ணீர் பரிசோதகராக இருந்தேன். எங்கள் தெருவில் எனக்குத் தண்ணி டாக்டர் என்று பெயர். கிண்டலாகத்தான் வைத்தார்கள், ஆனால் வீட்டுத் தொட்டியில் நாற்றம் வந்தால் என் வாசலுக்குத்தான் வருவார்கள். அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு தண்ணீர் மாதிரியைச் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பேட்டை முழுக்க வயிற்றுப்போக்கு. யாரும் சாகவில்லை, என்னையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்பதில்லை.

குளம் கட்டியது என் மனைவிக்காக. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தண்ணீருக்குள் நடந்தால் மூட்டில் பாரம் விழாது என்று எலும்பு மருத்துவர் சொன்னார். ஓய்வு பெற்ற கையோடு பின்கட்டில் இருந்த காலி இடத்தில் குளம் வெட்டினேன். இருபத்தெட்டு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். பாதிக்கு மேல் மூன்றரை அடி ஆழம்தான். அதற்குப் பிறகு தரை சரிந்து எட்டடிக்குப் போகும். சரிவு தொடங்கும் இடத்துக்கு ஓர் அடி முன்னால், குளத்துக்குக் குறுக்கே, நீல வெள்ளை மிதவைகள் கோத்த கயிறு. அவளுக்கு நீச்சல் தெரியாது. ஒருதரம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாள். கையைக் காலை அடித்தால் தண்ணீர் கரைக்கு வெளியே சிதறும், மட்டம் கெட்டுப்போகும், நடந்தாலே போதும் என்றேன். அவளும் சரி என்றுவிட்டாள்.

கயிறு மாட்ட இரண்டு சுவரிலும் கொக்கிகள் உண்டு. கொத்தனார் முதலில் அளவைத் தப்பாக எடுத்து, சரிவு தொடங்கி நாலடி தள்ளிக் கொக்கியைப் பதித்துவிட்டார். நான் சத்தம் போட்டு, சரியான இடத்தில் வேறு ஜோடி பதிக்கவைத்தேன். பழையதைப் பிடுங்கினால் ஓடு உடையும் என்றார். அதனால் அது அப்படியே சுவரில் நின்றுபோயிற்று. வீட்டில் அதற்குத் தப்புக் கொக்கி என்று பெயர்.

"உங்களுக்குப் பிடிக்காதது ஒண்ணு இந்த வீட்டுல பத்து வருசமா உசுரோட இருக்குன்னா அது அந்தத் தப்புக் கொக்கிதான். அதுக்கு அடுத்தது நான்," என்பாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். குளத்தை என் சக்களத்தி என்பாள். காலையில் நான் நீளக் கம்பில் பிரஷ் மாட்டிச் சுவரையும் சரிவையும் தேய்த்துவிட்டு உள்ளே வந்தால், "என் சக்களத்திய குளிப்பாட்டியாச்சா? இனிமே எனக்கு ஒரு வாய் காபி கிடைக்குமா?" என்று கேட்பாள்.

தினமும் காலை ஆறரைக்கு அவள் குளத்தில் இறங்குவாள். படியிலிருந்து கயிறு வரை போய், கயிற்றைத் தொட்டு, திரும்பி வர வேண்டும். இப்படி நாற்பது நடை. கண்ணை மூடிக்கொண்டுதான் நடப்பாள். தண்ணீர் கண்ணை எரிக்கிறது என்பது அவள் வாதம். கயிற்றில் கைபட்டதும் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லுவாள். ஒண்ணு, ரெண்டு என்று அந்தச் சத்தம் சமையலறை வரை கேட்கும். நான் கரையில் நாற்காலி போட்டுச் சோதனைப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டு சின்னக் குழாய்கள், இரண்டு மருந்துகள், குழாய்க்கு ஐந்து சொட்டு. மஞ்சள் குளோரினுக்கு, சிவப்பு காரத்துக்கு. அளவுகளை நோட்டில் எழுதுவேன். எதெல்லாம் தேய்த்தேன், எதைத் தேய்க்கவில்லை என்பதும் அதில் இருக்கும். பத்து வருடத்தில் ஒருநாள் விட்டதில்லை, ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. அந்த நோட்டு இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. தயவுசெய்து காபி டம்ளரை அதன்மேல் வைக்காதீர்கள்.

குளோரினை வெயில் தின்றுவிடும் சார். காலையில் போட்டது மத்தியானத்துக்குள் பாதியாகிவிடும். அதனால் நான் எப்போதும் தூக்கலாகத்தான் வைத்திருப்பேன். அவளுக்குக் கண் சிவந்தது, தோல் வெடித்தது. தோல் மருத்துவர் குறைக்கச் சொல்லி எழுதியே கொடுத்தார். அவருக்குத் தோல் தெரியும், தண்ணீர் தெரியாது. கிருமி இருக்கிற தண்ணீரைவிட எரிகிற தண்ணீர் மேல் என்று அவளிடம் எத்தனையோ தடவை பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நான் அவளிடம் குரல் உயர்த்தியதே கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

சம்பவத்துக்குப் பத்து நாள் முன்னால், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தம்பி வந்திருந்தான். செடிகொடி விற்கிற நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறான். நல்ல பையன்தான், நகக்கண்ணில் எப்போதும் மண் இருக்கும். தட்டைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"அத்தான், அக்கா ஒண்ணு முடிவு பண்ணியிருக்கு. நீங்க கோவப்படக் கூடாது."

"நீ சொல்லாத, நான் சொல்றேன்," என்றாள் அவள். "குளத்த மூடிடலாங்க. என்னால முடியல. கண்ணு ரெண்டும் மிளகாய் போட்ட மாதிரி எரியுது. முட்டி வலியே தேவலை. ரெண்டு லாரி மண்ணு கொட்டி, தம்பி நாலு செடி வச்சுத் தரேங்கறான். அடுத்த வாரம் சனிக்கிழமை லாரி வருது."

"முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டேன்.

"பத்து வருசமா கேட்டுக்கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. இந்த ஒரு தடவ நான் முடிவு பண்ணிட்டேன்."

நான் சரி என்றேன். மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன். எனக்குக் கோபம் வந்ததா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. யோசித்தேன், அவ்வளவுதான். அந்த ராத்திரி எனக்கு நன்றாகவே தூக்கம் வந்தது.

மறுநாள் காலையிலிருந்து குளோரினைக் குறைத்தேன். பாதியாக, பிறகு கால்வாசியாக. சுவர்களை வழக்கம்போலத் தேய்த்தேன். சரிவை மட்டும் தேய்க்கவில்லை. நோட்டில் பார்க்கலாம், ஒன்பது நாளும் 'சரிவு தேய்க்கவில்லை' என்று தேதியோடு எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். பொய்க் கணக்கு எழுத எனக்கு வராது சார்.

இந்தச் சூட்டில் அப்படி விட்டால் ஐந்தாம் நாளே ஓட்டின்மேல் பாசி பிடிக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, தண்ணீர் தெளிவாகவே இருக்கும். காலை வைத்தால் தெரியும். ஏழாம் நாள் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கால் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று, சோப்பு போட்ட மாதிரி இருந்தது. என் குளத்தில் பாசி என்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளோ சந்தோஷமாக இருந்தாள். மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க, இன்னிக்குக் கண்ணே எரியல. மருந்த மாத்தினீங்களா?"

"குறைச்சேன்," என்றேன்.

"அட, மழை வரப்போகுது போங்க," என்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அதற்குப் பிறகும் கண்ணை மூடித்தான் நடந்தாள். பத்து வருடப் பழக்கம். மூடினால்தான் எண்ணிக்கை தப்பாமல் வருகிறது என்றாள். இதை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

லாரி வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கயிற்றைக் கழற்றினேன். மிதவைகளில் அழுக்குப் படிந்திருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி மாட்டினேன். எந்தக் கொக்கியில் மாட்டினேன் என்று மூன்று தடவை கேட்டீர்கள், மூன்று தடவையும் ஞாபகம் இல்லை என்றேன். அது சரியில்லை. தப்புக் கொக்கியில் மாட்டினேன். பத்து வருடத்தில் முதல்முறையாக அது ஒரு வேலைக்கு உதவியது.

ஆறு ஐம்பதுக்கு அவள் வந்தாள். வழக்கத்தைவிட இருபது நிமிடம் தாமதம். தலையை அள்ளி முடிந்துகொண்டே, "இன்னிக்கு உங்ககிட்ட ஒரு விசயம் பேசணும், நடந்துட்டு வந்து சொல்றேன்," என்றாள். மண் விஷயமாகத்தான் இருக்கும் என்று நான் தலையாட்டினேன். படியில் இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

நான் குழாய்களில் தண்ணீர் எடுத்து மருந்தை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மூடியைப் போட்டுக் கவிழ்த்தேன். கயிற்றைத் தொட்டு ஒண்ணு என்று சொல்ல வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. சத்தம் வரவில்லை. தண்ணீர் கரையில் மோதிற்று. பிறகு "என்னங்க" என்று கூப்பிட்டாள். ஒரே ஒரு தடவை.

சோதனையைப் பாதியில் விட முடியாது சார். நேரமானால் மஞ்சள் ஏறிக்கொண்டே போகும், அளவு பொய்யாகிவிடும். நான் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, நோட்டில் எழுதினேன். குளோரின் அரை. காரம் ஏழு புள்ளி ஆறு. நேரம் ஆறு ஐம்பத்தாறு. சிவப்பை இன்னொரு தரம் சரிபார்த்தேன். அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். அப்போது தண்ணீர் அசையாமல் இருந்தது.

அவளைக் கம்பால் படிப்பக்கம் இழுத்து, வெளியே எடுத்து, நிழலில் படுக்கவைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்தேன். கயிற்றைச் சரியான கொக்கிக்கு மாற்றினேன். பிறகு வாசலில் போய் நின்றேன். லாரி வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், வண்டி பின்கட்டு வரை வந்துவிட்டால் டிரைவர்கள் லேசில் கேட்க மாட்டார்கள். ஒன்பது மணி வரை நின்றேன். லாரி வரவில்லை. அவள் தம்பி மட்டும் ஒரு ரோஜாத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அக்கா கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவனிடம் சொன்னேன்.

அவன் என்னை நம்பினான். அழுதான், ஊரைக் கூட்டினான், மருத்துவரைக் கூட்டிவந்தான். சாயங்காலம் அவள் வளையல் ஒன்று குளத்தில் கிடக்கிறது என்று எடுக்க இறங்கினான். சரிவில் கால் வழுக்கிற்று. ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். தண்ணீருக்குள் முங்கி விரலால் தரையைச் சுரண்டினான். நாள் முழுக்க மண்ணிலும் ஈரத்திலும் கிடக்கிறவன், அவனுக்குத் தெரியாதா?

"அத்தான், இங்க பாசி இருக்கு," என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "உங்க குளத்துல பாசியா?"

அவன் ஈரக்காலோடு உள்ளே போய் நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. என் வேலையின் தரத்தை அந்தக் குடும்பத்தில் புரிந்துவைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

நேற்று நீங்கள் ஒரு விஷயம் சொன்னீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவள் தம்பிக்குப் போன் செய்து, லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். "அவரு கடைசியில என் பேச்சைக் கேட்டுட்டாருடா. கண்ணு எரியவே இல்ல. குளம் இருந்துட்டுப் போகட்டும். காலையில நடந்து முடிச்சுட்டு அவர்கிட்ட சொல்றேன், மனுசன் சந்தோசப்படுவாரு. நீ மண்ணுக்குப் பதிலா ஒரு ரோஜாத் தொட்டி மட்டும் கொண்டா" என்றாளாம்.

ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்தவுடனேயே என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன், நோட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தையை அப்போதே சொல்லியிருந்தால் காலையில் முதல் வேலையாகச் சரிவைத் தேய்த்திருப்பேன். எல்லாவற்றையும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவது அவள் சுபாவம். நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அம்மா, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள். குளோரினைக் குறைத்தது நான். பாசி பிடிக்க விட்டது நான். கயிற்றை மாற்றியது நான். அவள் கூப்பிட்டது என் காதில் விழுந்தது, நான் எழுந்து போகவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவள் உதவிக்குக் கூப்பிட்டிருப்பாள் என்று மச்சினன் தன் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறானாம். அவன் அங்கே இல்லை, நான் இருந்தேன். மண் வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் என்னைக் கூப்பிட்டாள்.