பாதை பிரிகிற இடத்தில் நிற்பது

வண்டி வாங்க வருகிறவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை, பூட்ஸைத்தான் பார்ப்பேன். பூட்ஸ் பளபளவென்று இருந்தால் ஊருக்குள்ளேயே சுற்றிவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள். எதைக் கொடுத்தாலும் சந்தோஷப்படுவார். தோல் வெடித்து, மடிப்பில் சேறு காய்ந்து கிடந்தால் அவர் மலைக்குள் போகிறவர். அவரிடம் வாயை அடக்கிப் பேச வேண்டும், ஏனென்றால் நாம் சொல்வதை நம்பித்தான் அவர் செங்குத்தில் ஏறப்போகிறார். ராய்ஸ் மல்லின்ஸின் பூட்ஸில் காய்ந்த பழைய சேறும் ஈரம் போகாத புதுச் சேறும் இருந்தன. நான் அவனிடம் வண்டியைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

என் பெயர் நாடின் மன்ஸி. வெஸ்ட் வர்ஜீனியாவின் இந்தக் கோடியில் சுரங்கங்களை மூடிய பிறகு எங்கள் பள்ளத்தாக்குக்குச் சோறு போடுவது நான்கு சக்கர மலைவண்டிகள்தான். கார் மாதிரி உள்ளே உட்காருவது அல்ல. குதிரைமேல் ஏறியதுபோல் கால் பரப்பி உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது கட்டைவிரலால் விசையை அழுத்தி ஓட்டுவது. நிலக்கரி லாரி போன தடங்களெல்லாம் இப்போது இந்த வண்டிகளுக்கு. வெளியூர்க்காரர்கள் வாரக்கடைசியில் குவிவார்கள். நான் பத்து வருஷத்துக்கு மேலாக வண்டிக் கடையில் விற்பனை பார்க்கிறேன். எந்த உடம்புக்கு எந்த வண்டி பொருந்தும் என்பது எனக்குக் கண்ணாலேயே தெரியும்.

மலையில் சேர்ந்து போகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு, உங்களுக்கும் தெரியும், நீங்களும் இந்த ஊர்தானே. பாதை பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை நகரக் கூடாது. வரவில்லை என்றால் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

என் தம்பி டாரல் கடைசியாக மலைக்குப் போன அன்று முன்னால் போனவன் ராய்ஸ். இருவரும் ஒரே சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். ஓடையைக் கடக்கும்போது டாரலின் வண்டி பாசியில் வழுக்கி அவன்மேல் கவிழ்ந்தது. தண்ணீர் கணுக்கால் அளவுதான். மேலே பாதை பிரிகிற இடத்தில் ராய்ஸ் நிற்கவில்லை. டாரல் வீட்டுக்குத் திரும்பியிருப்பான் என்று நினைத்ததாகச் சொன்னான். அடக்கத்தன்று வந்தவர்களிடம், நின்று நின்று பார்த்தேன் என்று அழுதான். ஆனால் பெட்ரோல் பங்கில் கல்லாவில் இருக்கும் பெண் யதார்த்தமாக என்னிடம் சொன்னாள், அன்று மத்தியானம் ராய்ஸ் அங்கே உட்கார்ந்து முட்டைக்கோஸ் போட்ட சில்லி ஹாட் டாக் தின்றானாம், இன்னொன்றும் கேட்டு வாங்கினானாம். டாரல் அப்போது உயிரோடு இருந்தான். சாயங்காலம்வரை இருந்தான் என்று டாக்டர் சொன்னார். அவன் விரல் நகங்களுக்குள் ஓடை மணல் இருந்தது. நான்தான் கழுவிவிட்டேன்.

அப்புறம் எனக்கு ராய்ஸைப் பார்த்தாலே வயிறு எரியும். சர்ச்சில் பார்த்தாலும் எரியும், மளிகைக் கடையில் பார்த்தாலும் எரியும். அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நான் நிக்கல" என்று சொன்னால் போதும், விட்டுவிடலாம் என்று இருந்தேன். அவன் சொல்லவில்லை. இந்த வசந்த காலத்தில், மலைச்சரிவில் காட்டுப்பூண்டு முளைத்திருந்த சமயம், அவனாகவே கடைக்கு வந்தான்.

"துரத்திருவியோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன் நாடின்," என்றான்.

"வந்தவங்களத் துரத்துனா முதலாளி என்னத் துரத்திருவாரு. உள்ள வா," என்றேன்.

"பழசு மேட்டுல மூச்சு வாங்குது. எனக்கு வயசாச்சுன்னா அதுக்குமா வயசாவணும்? நல்ல பெருசா ஒண்ணு குடு. ஆயிரம் சிசி. எந்த மேட்டையும் ஏறணும்."

கடினமான பாதைக்குப் பெரிய எஞ்சின் வண்டி எடுக்கிறவர்கள் எல்லாரும் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் தூரம். அந்தத் தூரம் கூடினால் வண்டி மேட்டில் மூக்கைத் தூக்கிப் பின்பக்கமாகக் கவிழாது. இருவர் உட்காருகிற நீளமான வண்டிகள் இருக்கின்றன. தனியாக ஏறுகிறவனுக்கும் அதுதான் பத்திரம். ராய்ஸுக்குச் சுரங்கத்தில் கூரைக்கல் விழுந்து இடது தோள் பாதிதான் வேலை செய்யும். அவனுக்கு ஏற்றது அந்த நீள வண்டிதான். நான் முதலில் காட்டியதும் அதைத்தான், சாட்சி இருக்கிறது. கல்லாப்பக்கம் அவனுடைய பழைய சுரங்கக் கூட்டாளிகள் இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி சற்றுச் சத்தமாகவே சொன்னேன்.

"இத எடுத்துக்க ராய்ஸ். பின்னாடி உம் பொண்டாட்டி டோனாவும் சொகுசா உக்காந்துக்கலாம். தோள் போனவங்க, வயசானவங்க எல்லாம் இததான் எடுக்குறாங்க."

சொல்லி வைத்தாற்போல் அவர்கள் ஆரம்பித்தார்கள்.

"டோனா கைப்பைய மாட்ட கொக்கி இருக்கான்னு கேளு ராய்ஸு."

"குடையும் சேத்து வாங்கிக்க மாப்ள, வெயில் படாமப் போலாம்."

எங்கள் ஊரில் ஆண்கள் யாரும் தங்களுக்கென்று அந்த வண்டியை வாங்கமாட்டார்கள். ராய்ஸின் கழுத்து சிவந்துவிட்டது. நான் காட்டிய நல்ல வண்டியை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்துக் காட்டியது குட்டை வண்டி. அதுவும் குறை சொல்ல முடியாத வண்டிதான். வயிறு தரையிலிருந்து நன்றாகத் தூக்கி நிற்கும், பாறையில் இடிக்காது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினாலும் மற்றவை விடாதபடி பூட்டிக்கொள்ளலாம். இறக்கத்தில் எஞ்சினே பிடித்து நிறுத்தும். ஹேண்டில் திருப்ப மோட்டார் உதவி இருந்ததால் அவன் தோளுக்கும் சௌகரியம். எல்லாவற்றையும் விளக்கினேன். கனம் எவ்வளவு என்றும் சொன்னேன். கவிழ்ந்தால் ஒற்றை ஆளால் புரட்ட முடியாது என்றும் சொன்னேன்.

"கவுந்தாத்தான?" என்றான்.

விசையின் வேகத்தைக் குறைத்து வைக்க ஒரு பொத்தான் உண்டு. சின்ன வண்டியிலிருந்து பெரியதற்கு மாறுகிறவர்களுக்கு அதைப் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். பழைய வண்டிக்குப் பழகிய கட்டைவிரல் அழுத்தமாகத்தான் அழுத்தும். பெரிய வண்டி அந்த அழுத்தத்துக்குத் துள்ளி எழும். ராய்ஸ் கேட்கவில்லை, நானும் போடவில்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பேன்.

அவன் கேட்டது வின்ச். முன்பக்கம் மாட்டுகிற இரும்புக் கயிற்றுச் சுருள். வண்டி சேற்றில் சிக்கினால் கயிற்றை ஒரு மரத்தில் கட்டித் தன்னைத் தானே இழுத்துக்கொள்ளலாம். அதன் கனம் மூக்கையும் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கும். சரக்கு வரவில்லை, அடுத்த வாரம் மாட்டித் தருகிறேன் என்றேன். அது பின்கட்டில் அட்டைப்பெட்டியோடு இருந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்துவிட்டீர்களே. அதைப் பொய் என்று வாக்குமூலத்தில் எழுதினால் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் வின்ச் வேறு, வண்டி வேறு.

புது வண்டி வாங்கியவரோடு கடையிலிருந்து ஒருவர் முதல் சவாரிக்குப் போவது எங்கள் பழக்கம். சனிக்கிழமை காலை நானே வருகிறேன் என்றதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ எங்கூட வருவேன்னு நான் நெனச்சுக்கூடப் பாக்கல," என்றான். கடையின் அன்பளிப்பு என்று சொல்லி, பெரிய ஐஸ் பெட்டி ஒன்றை அவன் வண்டியின் பின் தாங்கியில் நான் வைத்துக் கட்டினேன். ஐஸும் தண்ணீரும் விளிம்புவரை நிறைத்திருந்தேன். பின்னால் கனம் ஏறினால் முன்னால் லேசாகும். இதெல்லாம் வண்டியோடு வருகிற புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

நான் முன்னால், அவன் பின்னால். பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நின்றேன். அவன் தலை தெரிந்ததும் கையைத் தூக்குவான், நானும் தூக்குவேன். பழைய நிலக்கரிக் கொட்டகைப் பக்கம் நிறுத்திச் சாப்பிட்டோம். டோனா உள்ளே இறைச்சி வைத்த பெப்பரோனி ரோல் சுட்டுக் கொடுத்திருந்தாள், எனக்கும் சேர்த்து. ராய்ஸ் பாதி ரோலைத் தின்றுவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டான்.

"அன்னைக்கு நான் நிக்கல நாடின்," என்றான். "பசி. அவன் வந்துருவான்னு நெனச்சேன். நின்னேன்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எந்தப் பிரிவுலயும் ஒருத்தர விட்டுட்டு நான் போனதில்ல. தூக்கத்துலகூட நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

இத்தனை வருஷமாக நான் கேட்க ஏங்கிய சொல் அது. அவன் அதைச் சொன்னால் விட்டுவிடலாம் என்று இருந்தேன் என்று சற்றுமுன் உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது உண்மைதான். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆறவில்லை. அவனுக்குத்தான் ஆறியது, மூச்சை இழுத்துவிட்டு மீதி ரோலைத் தின்றான். அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "வா, உன் வண்டி என்ன செய்யும்னு பாக்கலாம்," என்று சொல்லி சுரங்கத்துக்காக மலையை வெட்டிய வெட்டுமேட்டுப் பக்கம் திருப்பினேன்.

வெட்டுமேட்டைச் சுற்றிக்கொண்டு போக நல்ல பாதை இருக்கிறது. நேராக ஏறினால் நடுவில் படி மாதிரி ஒரு பாறை, ஒரு பக்கம் சுரங்க மண் கொட்டிய சரிவு. முந்தின நாள் மழை பெய்திருந்தது. என் வண்டி சின்னது, அந்த மேடு எனக்குப் பழக்கம். உடம்பை முன்னால் சாய்த்து ஏறிவிட்டேன். உச்சியில் பாதை பிரிகிறது. அங்கே நின்றேன்.

அவன் வண்டிச் சத்தம் மேலே வந்தது. பாறைப்படியில் குலுங்கியபோது கட்டைவிரல் அழுந்தியிருக்க வேண்டும். எஞ்சின் ஒரே வீச்சில் அலறியது. அப்புறம் இரும்பு விழுகிற சத்தம், அதற்குப்பின் மண் சரிகிற சத்தம். நான் என் வண்டியின் எஞ்சினை அணைத்தேன். பெட்ரோலை மிச்சம் பிடிக்க அல்ல. சரியாகக் கேட்கவில்லை, அதனால்.

அவன் கூப்பிட்டானா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். கூப்பிட்டான். காப்பாற்று என்று கத்தவில்லை.

"நாடின், வண்டி எம்மேல கெடக்கு. கீழ வந்துறாத. மண்ணு சரியுது, நீயும் சேந்து வந்துருவ. அங்கயே இருந்து ஆளக் கூப்பிடு," என்றான்.

உச்சியில் போன் நன்றாக எடுக்கும். போன் என் சட்டைப் பையில் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல வெயில். நடுநடுவே, "நாடின், இருக்கியா?" என்று கேட்டான். "இருக்கேன் ராய்ஸ்," என்றேன். "போன் போட்டியா?" என்றான். "போட்டாச்சு. வந்துக்கிட்டே இருக்காங்க," என்றேன். நான் பதில் சொல்லும்போதெல்லாம் அவன் குரலில் தெம்பு வந்தது. டோனாவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று சொன்னான், நான் கேட்டுக்கொண்டேன். பிறகு கேள்விகள் தள்ளித் தள்ளி வந்தன. வெயில் மரத்துக்குப் பின்னால் போனதும் அவன் கேட்பது நின்றது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம், ஒருவேளை கேட்பானோ என்று இருந்தேன். பிறகுதான் போலீஸுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டேன்.

டோனாவிடம் அவன் சொல்லச் சொன்னதையெல்லாம் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், ஒரு வார்த்தை விடாமல். என் தம்பிக்குப் பதில் சொல்ல அன்று ஓடையில் ஒருவரும் இல்லை. ராய்ஸுக்கு நான் இருந்தேன். அவன் என் தம்பியை விட்டுவிட்டுப் போனான், நான் அப்படிப் போகிறவள் இல்லை. வண்டியைத் தேர்ந்தெடுத்தது, பெட்டியைக் கட்டியது, மேட்டுக்குக் கூட்டிப் போனது, போன் போடாமல் உட்கார்ந்திருந்தது எல்லாம் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கீழே வராதே என்று சொன்னது அவன். அதையும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.