தொட்டிலில் ஒரு மீசை

– ஐயோ வஸுமதி மேடம், அந்தப் பெட்டி மேல உக்காராதீங்க, தக்காளி நசுங்கிடும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. திருப்பதியிலேர்ந்து பலமனேர் மண்டிக்கு இம்மாந்தூரம் எதுக்கு வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருக்கலாமே.

– போன்ல சொல்ற விஷயமாடா இது, அசரியா? நேத்து வந்த ஆராய்ச்சிப் பேப்பர். உன்னோட பதினேழாம் நம்பர் கேலக்ஸி.

– கையெல்லாம் ஈரம். நீங்களே சொல்லுங்க.

– நெஜமாவே இருக்காம்டா! வெளிநாட்டு டீம் திரும்ப அளந்து பார்த்துட்டா. பிரபஞ்சம் பொறந்து நூறு கோடி வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள நம்ம பால்வீதி அளவு நட்சத்திரம். வருஷத்துக்கு ஐந்நூறு சூரியனைப் பெத்துண்டிருக்கு. மூணு வருஷம் முன்னாடி நீ என் டேபிள்ல வச்ச அதே கணக்கு.

– "தொட்டில்ல கெடக்கற கொழந்தைக்கு மீசையாடா?"ன்னு கேட்டீங்க. லேபே சிரிச்சிது.

– ஞாபகப்படுத்தாதேயேன்.

– நீங்க கத்துக்குடுத்த மாதிரியே மூணு வாட்டி அளந்துகினு வந்தேன் மேடம்.

– கிட்ட இருக்கற, தூசி மூடின கேலக்ஸி, தூரத்துல இருக்கற மாதிரி ஏமாத்தும். நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது அப்படித்தான். தியரிக்கு ஒத்து வராததை 'குப்பை' ஃபோல்டர்ல தள்றது நம்ம லேப் வழக்கம். உன்னதையும் ஒரு தடவைகூட அளந்து பார்க்காம தள்ளினேன். நாலு பேர் சிரிப்பாளேன்னு பயம்டா.

– நான் இப்போ சொத்தத் தக்காளியக்கூட திருப்பிப் பாக்காம தூக்கிப் போடறதில்ல.

– குத்து, நன்னா குத்து. வாங்கிக்கத்தான் வந்தேன்.

– அந்தக் கேலக்ஸி சாப்டரத் தூக்கினாத்தான் தீசிஸ்ல கையெழுத்துன்னீங்க. எங்க நைனாகூட சொன்னாரு, தூக்கிட்டு பட்டத்த வாங்குடான்னு. நான்தான் வீம்பு புடிச்சிகினு பாதியிலயே வந்துட்டேன்.

– பெருமாளே... உன் படிப்பைக் கெடுத்துட்டேனேடா.

– அழாதீங்க, கூலிக்காரங்க பாக்கறாங்க. அந்தக் கேலக்ஸி இப்போ எப்பிடி இருக்கும் மேடம்?

– அந்த வேகத்துல நட்சத்திரம் பெத்தா, அதுக்கான வாயு எத்தனை நாள் தாங்கும்? எப்பவோ அடங்கியிருக்கும். நமக்கு வந்துண்டிருக்கறது அது வாலிபத்துல விட்ட வெளிச்சம்.

– பாவம்.

– நீ திரும்பி வா. பழைய நோட்டை எடு. முதல்ல பார்த்தது நீதான்னு அவாளுக்கு எழுதறேன், என் தப்பையும் சேர்த்து.

– அவங்களுக்குத் தெரியும் மேடம். லேப விட்டு வந்த அன்னிக்கே அதோட எடத்தையும் கணக்கையும் மெயில்ல அனுப்பிட்டேன். யாராச்சும் பாத்தா போதும்னு. என் பேரப் போடறோம்னாங்க, என் பேரு வேணாம்னேன்.

– ஏண்டா? அசடா நீ?

– கடைசிப் பக்கம் படிக்கலியா? நன்றி சொல்ற எடம்.

– பதட்டத்துல அவ்வளவு தூரம் போகலை. இரு, கண்ணாடி போட்டுக்கறேன்.

– சத்தமா படிங்க.

– "இந்தக் கேலக்ஸியை மும்முறை அளந்து, முதன்முதலில் எங்களுக்குக் காட்டியவர், திருப்பதி..." அசரியா, இது என் பேருடா.