நீதிமன்றம் போனில் கூப்பிடாது

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுத்துவிட்டால் அவன் பேசட்டும், நீங்கள் பேசாதீர்கள். என் அக்காவுக்கு நான் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன் ஐயா, பொறுமையாக, பலமுறை.

நீதிமன்ற வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது என் வேலை. ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிடுவேன், கூப்பிடும்போதே முகங்களைப் பார்ப்பேன். தப்பு செய்தவன் சாவகாசமாக எழுந்து வருவான். ஒரு பாவமும் அறியாதவனுக்குத்தான் கைகால் உதறும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அக்கா அந்த இரண்டாவது வகை. தெருவில் போலீஸ் வண்டி போனாலே ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

அத்தான் காலமான பிறகு வீட்டில் அவள் ஒருத்திதான். மகள் வெளிநாட்டில் நர்ஸ். அப்பா கட்டிய வீடு அக்கா பெயரில் இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், விசாரித்துப் பாருங்கள். என் கவலை வேறு. தனியாக இருப்பவளை இந்தக் காலத்தில் எவனாவது ஏமாற்றாமல் விடமாட்டான். ஊரான் தின்பதற்கு உடன்பிறந்தவன் தின்றால் சொத்து குடும்பத்திலாவது தங்கும். இதில் தவறிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் போன் வந்தபோது நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பேசியவன் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து துரத்தப்பட்டவன், கட்டைக்குரல். நீதிமன்ற வாசலில் என்னோடு சேர்ந்து டீ குடித்த பழக்கம். அக்கா மேல் பிடிவாரண்டு இருப்பதாகவும், உடனே பணம் கட்டினால் தப்பலாம் என்றும் சொன்னான். அவள் முகம் வெளுத்தது. நான் போனைப் பிடுங்கி அவனைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு வைத்தேன்.

"கோர்ட்டு போன்ல கூப்பிடாதுக்கா. சம்மன்னா காகிதமா வரும், ஆள் வந்து கையெழுத்து வாங்கிட்டுக் குடுப்பான். போன்ல பணம் கேட்டா அவன் திருடன். யார்கிட்டயும் சொல்லாதேன்னா அவன் பெரிய திருடன்."

"நீ இல்லேன்னா ஏமாந்திருப்பேண்டா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த போன் மகளைப் பற்றி. அவள் அனுப்பிய பார்சலில் போதைமருந்து சிக்கியதாகவும் வழக்கு இங்கே வந்திருப்பதாகவும் குமாஸ்தா குரலை மாற்றிக்கொண்டு சொன்னான். அக்கா இந்த முறை தைரியமாக அவனைத் திட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. எதற்கும் விசாரித்து வருகிறேன் என்று போய், சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன்.

"இது நெசம்க்கா. கேஸ் கட்ட நானே கண்ணால பாத்தேன்."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுங்கறானே. அது திருடன் பேச்சுன்னியேடா?"

"எங்கிட்ட சொல்லிட்டியே, அப்புறம் என்ன?"

அவ்வளவுதான். ஊரையெல்லாம் சந்தேகப்பட நான் கற்றுக்கொடுத்திருந்தேன். என்னைச் சந்தேகப்பட அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஜாமீனுக்கென்று நகைகளை எடுத்துக் கொடுத்தாள். தீர்ப்பு வரும்வரை வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, மகளிடம் பேசினால் அவளை அங்கேயே பிடித்துப் போடுவார்கள் என்று குமாஸ்தா சொன்னான். மகள் குரலில் வேறு யாராவது பேசி வேவு பார்ப்பார்கள் என்று நானும் சொல்லிவைத்தேன். போன் அடித்து ஓயும்வரை அக்கா அதையே பார்த்து அழுவாள், எடுக்கமாட்டாள். பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

பயந்துபோன மகள், தெருமுனை மருந்துக்கடைக்காரரை அனுப்பினாள். அவர் கதவைத் தட்டினார். "நீங்க யாரு அனுப்புன ஆளுன்னு எனக்குத் தெரியும், போயிருங்க," என்று அக்கா உள்ளேயிருந்தே விரட்டிவிட்டாள். அவர் கையில் அவளுடைய மூச்சிரைப்பு மருந்து இருந்தது.

அன்று மாலை எனக்குப் போன் செய்தாள். பேச்சுக்கு நடுவே மூச்சு விசிலடித்தது.

"மருந்து தீந்துபோச்சுடா தம்பி. ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வரலாமான்னு அந்தக் கோர்ட்டு ஐயாவக் கேட்டுச் சொல்றியா?"

ஜாமீனுக்கு நகை போதாதென்று வீட்டையும் விற்க அவளைச் சம்மதிக்க வைத்திருந்தேன். வாங்குகிறவர் மறுநாள் பத்திரத்தோடு வருவதாக இருந்தது. இவள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் சொந்தபந்தம் கூடும், பேச்சு வெளியே வரும். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வர ஆகும் நேரம் பொறுத்திருந்து, திரும்பக் கூப்பிட்டேன்.

"கேட்டேன்க்கா. நாளைக்குக் கையெழுத்துப் போட்டதும் போலாமாம்."

"அவங்க சொன்னா சரிதான்," என்றாள். "நீ சாப்ட்டியா?"

காலையில் கதவைத் திறந்தது நான்தான். என்னிடம் ஒரு சாவி உண்டு. முந்தின மாலையும் அது என் சட்டைப்பையில்தான் இருந்தது, மருந்துக்கடையும் திறந்துதான் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, அக்காவைக் கொன்றது நான்தான். ஆனால் ஒன்று சொல்வேன் ஐயா. நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை. கடைசிவரைக்கும் அவள் ஒரு வெளியாளிடம்கூட ஏமாறவில்லை.