ஒரு தாள், ஒரு பென்சில், இரண்டு பிள்ளைகள்

வண்ணம் குழைத்த கைகளால் வாய் மூடிய பிள்ளைகளைப் பேச வைத்தவரே! முப்பத்தோரு ஆண்டுகள் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியையாக இருந்தும், ஒரு படத்தைக்கூட அழகு என்று சொல்லாதவரே! எங்கள் அன்புக்கும், அவ்வப்போது எங்கள் எரிச்சலுக்கும் உரிய டீச்சர் அவர்களே! வணக்கம்.

ஓய்வு பெறுகிறவரைப் புகழ்வது எளிது. அவர் எழுந்து மறுக்க மாட்டார். ஆனால் உங்களிடம் பொய் எடுபடாது. இன்று இந்த மேடையில் உங்களுக்கு இருக்கும் ஒரே கவலை எங்களுக்குத் தெரியும். உங்கள் இடத்துக்குப் புதிதாக யாரும் வரவில்லை. உங்கள் இரண்டு பாடவேளைகளையும் கணக்குக்குக் கொடுத்து அட்டவணை எழுதியாகிவிட்டது. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் இந்த மடலை முடிப்போம்.

உங்கள் வகுப்பின் சட்டம் ஊரறிந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். பென்சில் பிடித்தவர் தன் இஷ்டத்துக்கு ஒரு கோடும் போடக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். மற்றவர் தாளைத் தொடக் கூடாது; மனதில் இருப்பதைச் சொல்லித்தான் வரைய வைக்க வேண்டும். பாதியில் மாற்றிக்கொள்ள வேண்டும். அதனால் உங்கள் அறையில் எந்நேரமும் சந்தை இரைச்சல்.

"மாடுன்னு சொன்னேன், நாயைப் போட்டு வெச்சிருக்க!"

"கொம்பு இருக்குன்னு நீ சொன்னியா?"

சென்ற ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சைக்காக ஆறு வாரம் விடுப்பில் போனீர்கள். அப்போது நாங்கள் ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டோம். ஆளுக்கொரு தாளும் ஆளுக்கொரு வண்ணப் பெட்டியும் கொடுத்தோம். அறை அடங்கியது. முழுப் படம் வீட்டுக்கு வருகிறதென்று பெற்றோருக்கும் மகிழ்ச்சி. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆறு வாரமும் ஒரே வீட்டை வரைந்தாள். கதவில்லாத வீடு. கோடுகள் நேராக இருந்தன. ஆறு முறையும் "மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அதே வாரங்களில், வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று அதே பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம்.

கைத்தடியோடு திரும்பி வந்த முதல் நாள் நீங்கள் எங்கள் பெட்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். அந்தச் சிறுமியைப் பள்ளியிலேயே பெரிய வாயாடியின் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். பென்சில் வாயாடியின் கையில். அவர்களுடைய வகுப்பாசிரியை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீடு போடு," என்றாள் சிறுமி.

"போட்டாச்சு. கதவு எங்க வைக்கட்டும், மகாராணி?"

"கதவு வேணாம்."

"அப்புறம் எப்படி வெளிய வர்றது? கூரையப் பிரிச்சுக்கிட்டா?"

"அம்மா வெளிய வர மாட்டாங்க. படுத்தே இருக்காங்க."

வாயாடி பென்சிலைக் கடித்தாள். பிறகு, ஆறு வாரமாக நாங்கள் யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"அப்ப சமையல் யாரு?"

"நான்தான்."

"நான் ஒரு ஜன்னல் வைக்கட்டுமா டீ? பெருசா. நான் வந்தா அம்மாவை எட்டிப் பார்ப்பேன்ல."

"ம். கட்டில் பக்கமா வை."

அன்று மாலையே வகுப்பாசிரியை அந்த வீட்டுக்குப் போனார். அந்த அம்மா இன்னும் முழுதாகத் தேறவில்லை. ஆனால் மருத்துவம் நடக்கிறது. அடுப்படியில் இப்போது சித்தி நிற்கிறார். பிள்ளை வகுப்புக்குள் இருக்கிறாள்.

டீச்சர், பிள்ளைகளுக்கு அன்பு காட்டச் சொல்லி நாங்கள் நூறு முறை பேசியிருக்கிறோம். நீங்கள் ஒரு முறையும் பேசவில்லை. அடுத்தவர் மனதில் இருப்பதைக் கேட்டால் ஒழிய கை நகராதபடி செய்தீர்கள், அவ்வளவுதான்.

இனி, சொன்ன பதில். தலைமையாசிரியர் அட்டவணையை அடித்துத் திருத்திவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு வேளைகளும் ஓவியத்துக்கே. அந்த வகுப்பாசிரியைதான் நடத்தப்போகிறார். "எனக்கு ஒழுங்கா ஒரு வட்டம்கூடப் போட வராதே டீச்சர்," என்று உங்களிடம் தயங்கினாரே, நினைவிருக்கும். "அது நல்லதுதாம்மா, திருத்தப் போக மாட்டீங்க. பிள்ளைங்க பேசறப்ப குறுக்க பேசாம இருக்க முடியுமா? அதைச் சொல்லுங்க," என்றீர்கள். அன்று அவர் பதில் சொல்லவில்லை. இன்று இதில் எழுதச் சொன்னார். முடியும் என்று அல்ல, முயல்கிறேன் என்று.

திடமான உடம்போடும் தெளிந்த உறக்கத்தோடும் நெடுங்காலம் இருங்கள். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். நீங்கள் வகுப்பில் நின்றால் பிள்ளைகள் சொல்வதை நாங்கள் கேட்க மாட்டோம்; உங்கள் முகத்தைத்தான் பார்ப்போம்.

இப்படிக்கு,
ஆறு முறை கையெழுத்துப் போட்டதற்கு வருந்தி, ஏழாவதாக இதில் போடும்
ஆசிரியர்கள்; உடன் எழுத்தர், ஆயா, இரவுக் காவலர்