என் முதுகு நடிச்ச படம்

...பாத்தீங்களா, பாத்தீங்களா, மறுபடியும் முதுகு! நான்தாங்க அது. அம்மா வேஷம். எங்கக்கா பையன் எடுத்த படம். காலேஜ்ல பரீட்சைக்குப் பதிலா குறும்படம் எடுத்துட்டு வான்னுட்டாங்களாம். மக வேலைக்குன்னு வீட்ட விட்டுப் போயிடறா, அம்மா தனியா நிக்கிறா, அவ்ளோதான் கதை. நான் என்ன பண்ணேன், பார்லருக்குப் போய்ப் புருவமெல்லாம் எடுத்துக்கிட்டு, சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போன் போட்டு, என் மூஞ்சியப் பெரிய திரையில வந்து பாருங்கன்னு... அதோ, முன் வரிசை பூரா எங்காளுங்கதான். இப்போ எல்லாரும் திரும்பித் திரும்பி என்னைப் பாக்கறாங்க. மானமே போகுது!

சரி சரி, மெதுவாத்தான் பேசறேன்.

இதப் பாருங்க. காலி நாற்காலி. எவ்ளோ நேரமா அதே நாற்காலி! "சித்தி, இதுதான் உங்க தனிமை"ங்கறான். அடேய், நான் குத்துக்கல்லாட்டம் பக்கத்துலயே நிக்கிறேன், என்னை எடுக்கக் கூடாதா? கேமராவத் தரையில வெச்சு என் செருப்ப எடுத்தான். ஏன்டான்னா, சோகம் கீழ இருக்காம். ஜன்னல்ல நீலத் துணியக் கட்டி, லைட்டையெல்லாம் அணைச்சு... கரிச்சட்டி மாதிரி தெரியறேன். "வெளிச்சமே அழும் சித்தி, நீங்க அழ வேண்டாம்"னான். வெளிச்சம் அழறதுக்கு நான் எதுக்குடா?

மூஞ்சிய எடுக்காம இல்லங்க. பொய் சொல்லக் கூடாது. கிட்ட வந்துதான் எடுத்தான். நானும் பொலபொலன்னு கண்ணீர் விட்டேன். விட்டுட்டு... கட் சொல்றதுக்குள்ள கேமராவப் பாத்து, "நல்லா வந்துச்சா கண்ணா?"ன்னு கேட்டுட்டேன். அடுத்த தடவ நெத்தி முடிய ஒதுக்கி விட்டுட்டு அழுதேனாம். அதுக்கும் அடுத்து நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, யாருக்கு என்ன ஆச்சுன்னு... சரி விடுங்க.

இது, இதோ வருதே, இதுல நான் நடிக்கவே இல்லங்க. டீ குடிக்க விட்டப்போ எம் பொண்ணு போன் பண்ணா. வெளியூர்ல வேலை. லீவு கிடைக்கல, இந்தத் தடவையும் வர முடியலம்மான்னா. சரிம்மா, சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வெச்சுட்டேன். வெச்சுட்டு, கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கிட்டு நின்னேன். இந்தப் பய வாசப்படியில நின்னு சத்தமில்லாம எடுத்திருக்கான். ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா திரும்பியிருப்பேன்ல? குழாய்ல தண்ணி போகுது, நான் நிக்கிறேன், இதுல என்னத்தங்க...

என்ன, ஹால்ல ஒருத்தர் சத்தமும் காணோம்? ஏங்க... ஐயோ, என்னங்க இது, நீங்க எதுக்கு அழறீங்க? நான் அதுல அழவே இல்லையேங்க!